அப்பாவோட பத்மினியும் பத்தாயிரம் ரூபாயும்

1/
இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி இல்லை. ஒரு பழைய காரைப் பத்தி. கொஞ்சம் நீளமான த்ரெட். கடைசியில உங்களுக்கு ஒரு சின்ன வேலையும் இருக்கு.

2/
எங்க வீட்டுல 1981ல பதிவான பிரீமியர் பத்மினி ஒண்ணு நிக்குது. அப்பா வாங்கினது. அவரும் டாக்டர். ஸ்டியரிங் பக்கத்துலயே கியர், முன்னாடி பெஞ்ச் மாதிரி ஒரே சீட்டு. ஆம்புலன்ஸ் கூப்பிட்டா வர்ற காலம் இல்லை அது. ராத்திரி பாம்புக்கடின்னு யாராவது கதவைத் தட்டினா, பின் சீட்டுல படுக்க வச்சு ஜி.ஹெச்.சுக்கு ஓட்டிட்டுப் போவார். எங்க ஊர்ல அந்த ஹார்ன் சத்தத்துக்கு "பெரிய டாக்டர் போறாரு"ன்னு அர்த்தம்.

3/
அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. வண்டியை நான் விக்கல. ஞாயித்துக்கிழமை காலையில எடுத்து ஒரு சுத்து சுத்துவேன். மாசம் 50 கிலோமீட்டர் ஓடினா அதிகம்.

4/
அதோட ஆர்.சி. அடுத்த வருஷம் ஜூன்ல முடியுது. சொந்த வண்டிக்கு முதல் 15 வருஷம் கழிச்சு, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். போன தடவை, 2021ல, லாக்டவுன் முடிஞ்சதும் போய்ப் புதுப்பிச்சேன். புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாய். பசுமை வரி எல்லாம் தனி.

5/
2022 ஏப்ரல்ல இருந்து 15 வயசு தாண்டின காருக்கு அது 5,000 ஆச்சு. 2025 பிப்ரவரியில மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டாங்க. ஆகஸ்ட்ல அது அமலுக்கே வந்துடுச்சு. 20 வயசு தாண்டின வண்டிகளுக்கு இப்போ:
பைக்: 2,000
மூணு சக்கர வண்டி: 5,000
கார்: 10,000
வெளிநாட்டுல இருந்து இறக்குமதியான கார்: 80,000

6/
முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் டாக்டரா யோசிச்சேன். நான் வாரா வாரம் சி.ஓ.பி.டி. பேஷண்ட்டுகளைப் பார்க்கிறேன். வாகனப் புகை நுரையீரலுக்கு என்ன பண்ணும்னு அவங்களுக்கு உட்கார்ந்து விளக்குறவன் நான். என் பத்மினியில இருக்கிறது கார்புரேட்டர். புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. இந்தியாவுல 2000 வரைக்கும் ஈயம் கலந்த பெட்ரோல் வித்துச்சு. குழந்தைகளோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற அந்த ஈயத்தை, அப்பாவோட கார் ஏறக்குறைய இருபது வருஷம் ரோட்டுல கக்கியிருக்கு. பாசத்துக்காக இதை மறைக்க முடியாது.

7/
அதனால பழைய வண்டிகளைக் குறைக்கணும்கிற நோக்கத்தை நான் எதிர்க்கல. என் கேள்வி வேற. 75 வயசு ஆளுக்கு ஆபரேஷன்னா, பிறந்த தேதியை மட்டும் பார்த்து முடிவு பண்ணுவோமா? எக்கோ பார்ப்போம், கிரியாட்டினின் பார்ப்போம், மாடிப்படி ஏற முடியுதான்னு கேட்போம். வயசு ஒரு காரணம். அதுவே முழு டயக்னோசிஸ் இல்லை.

8/
இந்தக் கட்டணம் பிறந்த தேதியை மட்டும்தான் பார்க்குது. மாசம் 50 கிலோமீட்டர் ஓடுற காரும், தினம் 100 கிலோமீட்டர் கரும்புகையோட ஓடுற காரும் ஒரே வயசுன்னா ஒரே கட்டணம். நான் 10,000 கட்டினதும் என் வண்டிப் புகை ஒரு துளி குறையப் போறதில்லை.

9/
"அப்போ வின்டேஜ்னு பதிஞ்சுக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்பீங்க. அதுக்கு 2021ல தனி விதி வந்துச்சு. 50 வயசு தாண்டியிருக்கணும், பெரிய மாற்றம் எதுவும் செய்யாம அசல் வடிவத்துல இருக்கணும். புதுசாப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனா கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண, இதுக்கெல்லாம்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். என் பத்மினிக்கு 50 ஆக 2031 வரணும். அதுவரைக்கும் சட்டத்தோட கண்ணுல அது வெறும் பழைய வண்டி.

10/
ஜெர்மனியில 30 வயசு ஆனா, நல்லா பராமரிச்சு அசல் நிலையில இருக்கான்னு சோதிச்சுட்டு, நம்பர் பிளேட் கடைசியில 'ஹெச்'னு ஒரு எழுத்து கொடுக்கிறாங்க. பெரும்பாலான கார்களுக்கு வருஷம் சுமார் 192 யூரோ, ஒரே வரி. ரோட்டுலயும் ஓட்டலாம். அது சலுகைதான், ஆனா பரிசோதனை பண்ணிக் கொடுக்கிற சலுகை. நம்ம ஊர்லயும் 30 வயசுக்கு மேல, வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான்னு ஒரு வரம்பு வச்சு, புகைப் பரிசோதனையைக் கறாராக்கி ஒரு வகை கொண்டு வரலாமே.

11/
இதையெல்லாம் கிளினிக்ல புலம்பிட்டு இருந்தேன். அப்பா காலத்துல இருந்து எங்ககிட்ட இருக்கிற கம்பவுண்டர் அண்ணன் பொறுமையா கேட்டார். அப்புறம் சொன்னார்: "தம்பி, உங்களுக்கு அது பெரிய டாக்டர் ஞாபகத்துக்கு வச்சிருக்கற வண்டி. என்னோட ஸ்ப்ளெண்டருக்கும் அடுத்த வருஷம் எஃப்.சி. இருக்கு. அது இல்லன்னா நான் காலையில ஆறு மணிக்கு டிபன் பாக்ஸோட பஸ் ஸ்டாண்டுல நிக்கணும்."

12/
அவரோடது 2001 மாடல். இன்னைக்கு வித்தா பத்தாயிரம் வந்தா பெரிசு. அதுக்கு 2,000 ரூபாய் கட்டணம். முன்னாடி 300. எனக்கு 10,000ங்கிறது எரிச்சல். அவருக்கு 2,000ங்கிறது பொண்ணோட டியூஷன் ஃபீஸ். பழைய வண்டின்னதும் எனக்கு பத்மினிதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா வேற வழி இல்லாம பழைய வண்டி ஓட்டுறவங்கதான் இங்க அதிகம்னு எனக்கு ஏன் தோணலை? உண்மையிலேயே கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு.

13/
நான் ஜூன்ல 10,000 கட்டிடுவேன். அதுக்கு முன்னாடி கார்புரேட்டரைப் பிரிச்சு சர்வீஸ் பண்ணி, புகை டெஸ்ட்டும் எடுத்துடுவேன். அண்ணன் வண்டிக்கான 2,000 கிளினிக் கணக்குல போகும். வேண்டாம்னு சொல்லியிருக்கார், பார்த்துக்கலாம். ஆனா எல்லா ஸ்ப்ளெண்டருக்கும் பக்கத்துல ஒரு டாக்டர் இருக்க மாட்டார் இல்லையா? சலுகைன்னு ஒண்ணு கொடுத்தா, என் காருக்கு முன்னாடி அந்த பைக்குக்குக் கொடுக்கட்டும்.

14/
இப்போ உங்க வேலை. உங்க வண்டி, அப்பா வண்டி, வீட்டுல வேலை பார்க்கிற அக்காவோட வண்டி, எல்லாத்தோட ஆர்.சி.யையும் எடுத்து எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க. கிட்டத்துல இருந்தா இப்பவே பணம் எடுத்து வைக்க ஆரம்பிங்க. புகை டெஸ்ட்டைக் கடமைக்கு எடுக்காதீங்க. அந்தப் புகையைச் சுவாசிக்கிறது பின்னாடி வர்ற ஸ்கூல் ஆட்டோவுல இருக்கிற குழந்தை.

நாளைக்கு வழக்கம் போல சுகர் பத்திப் பேசுவோம்.