மாப்பொருள் அல்லாத ஒன்று

ராத்தாவின் இடது மார்பில் தேசிக்காயளவு கட்டி என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் அதற்கு ஒரே பெயரைத்தான் வைத்தார்கள். இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படுவது மார்புப் புற்றுநோய் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனையில் சாச்சி வீட்டில் தங்கி, 112ஆம் இலக்க பஸ்ஸில் மஹரகமவுக்குப் போய்வந்தோம். ஊசி குத்தி எடுத்த இழையத்தின் முடிவு வந்த அன்று வைத்தியர் சொன்ன பெயரை நான் முன்பு கேள்விப்பட்டதே இல்லை. அமிலோய்ட். புற்றுநோயல்ல. ஒரு புரதம் பிழையாக மடிந்து, நார்நாராகப் படிந்து, கட்டியாகத் திரண்டிருக்கிறதாம். மார்பில் இது மிக அரிது. தொட்டுப் பார்த்தாலும் மெமோகிராம் படத்தில் பார்த்தாலும் புற்றுநோயைப் போலவே தோன்றி ஏமாற்றக்கூடியது.

வாத்தியார் புத்தி, பெயரைத் தேடிப் போனேன். அமிலோய்ட் என்றால் மாப்பொருளை ஒத்தது. மரவள்ளித் துண்டில் அயடீன் துளியிட்டால் கருநீலமாகும் என்று வருடந்தோறும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். 1854இல் ஜேர்மனிய வைத்தியர் ருடோல்ஃப் வேர்ச்சோவும் மனித இழையத்தில் அயடீனிட்டு, நிறம் மாறுவதைக் கண்டு அந்தப் பெயரை வைத்தார். 1859இல் பிரீட்ரைக், கெக்குலே என்ற இருவர் அது மாப்பொருளல்ல, புரதம் என்று காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் விழும் பட்டப்பெயரும் அப்படித்தானே. இன்று அதை உறுதிப்படுத்துவது கொங்கோ சிவப்பு. 1880களில் பருத்தித் துணிக்கென்று செய்த சாயம் அது. அதை ஊட்டி, முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்தால் அமிலோய்ட் அப்பிள் பச்சையாக மின்னும்.

உடனே வெட்டவில்லை. மார்பில் மட்டுமா, இதயத்திலும் சிறுநீரகத்திலும் படிந்திருக்கிறதா என்று பார்க்க இரத்தம், சிறுநீர், இதய ஸ்கேன் என்று நாட்கள் போயின. உடல் முழுவதும் பரவியிருந்தால் மருந்துதான் பிரதானம், கத்தி அதைத் தீர்க்காது. அப்படியானவர்களுக்கு இரத்தம் உறைவதிலும் கோளாறு வரக்கூடும் என்பதால் அதையும் சோதித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், மார்போடு நின்றிருந்தது. கட்டியை மட்டும் எடுத்தால் போதும், முழு மார்பையும் அகற்றத் தேவையில்லை என்றார்கள்.

வெள்ளவத்தையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போனபோது வாசலில் வைத்து ராத்தா சொன்னா:

"தம்பி, வெட்டின பள்ளத்த என்ன செய்வாங்க எண்டு கேள். நான் கேக்க மாட்டன்."

கை முறிந்தால் பத்துப் பேர் கூடி யோசனை சொல்லும் நாங்கள், இந்த உறுப்பின் பெயரைச் சொல்லவே கூசுகிறோம். நான் கேட்டேன். எஞ்சிய இழையத்தையே நகர்த்திப் பள்ளத்தை மூடலாம், போதாவிட்டால் முதுகுத் தசையைத் தோலோடு அக்குள் வழியாக முன்னே கொண்டுவரலாம் என்றார் நிபுணர். இத்தாலியரான தன்சினி 1906இலேயே விபரித்த வழி இரண்டாவது.

செய்தி வீட்டுக்கு வந்ததும் மூத்த மச்சான் குறுக்கே விழுந்தார். "வயசு ஐம்பத்திமூணு, புருஷனும் மௌத்து. இனி ஆருக்கு? அல்லாஹ்ட படைப்ப மாத்தலாமா?"

ஊர் மௌலவிக்குப் போன் எடுத்தேன். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளி மூக்கு வைத்து அது நாற்றமெடுக்க, தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அவர் நினைவூட்டினார். இழந்ததை மீளச் சரிசெய்வது வேறு, அழகுக்காக மாற்றுவது வேறு. 2007இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, அகற்றிய மார்பை மீள அமைப்பதை ஆகுமாக்கியிருக்கிறது. மச்சான் மௌனமானார். ஆனால் "ஆருக்கு" என்ற கேள்விக்கு மௌலவியிடம் பதிலில்லை. அது ராத்தாவிடம் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் மார்பை அகற்றிய ஒரு தாய் இருந்தா. சட்டைக்குள் இலவம்பஞ்சு வைத்துத் தைத்துப் போடுவா. ஒரு கலியாண வீட்டில் பஞ்சு விலகிவிட்டது.

"அதுக்குப் பொறகு மௌத்தாகுற மட்டும் ஒரு கலியாணத்துக்கும் போகல்ல," என்றா ராத்தா. "நான் போகணும்."

முதுகுத் தசை தேவைப்படவில்லை. எஞ்சியதை நகர்த்தியே மூடினார்கள். இடது பக்கம் கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறது என்று சாச்சியிடம் சொன்னாவாம். இரத்தமும் சிறுநீரும் ஆறு மாதத்துக்கொரு தடவை பார்க்க வேண்டும். அடுத்த தவணை நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம் வருகிறது. அந்த வாரத்தில் மச்சானின் மகளுக்குக் கலியாணமும் இருப்பதால், திகதியை மாற்றிக் கேட்கச் சொல்லியிருக்கிறா.