வழி விடுதல்

தேவாரம் என்றவுடன் மூவர் முதலிகள் பாடியருளிய பதிகங்களே தமிழர் நெஞ்சில் முதற்கண் தோன்றும். அப்பெயரையே தனக்குப் பெயராகக் கொண்ட ஊரொன்று தேனி மாவட்டத்தில் உண்டு. போடிநாயக்கனூரிலிருந்து உத்தமபாளையம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அஃது அமைந்துள்ளது. மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். இப்பால் சோளமும் மொச்சையும் விளையும் மேட்டு நிலங்கள். மலைமுகட்டில் அப்புறம் கடக்கும் இடத்தை இப்பகுதியார் மெட்டு என்பர். போடி மெட்டுக்கும் கம்பம் மெட்டுக்கும் வண்டிச்சாலை உண்டு. தேவாரத்திற்கு மேற்கே உள்ள சாக்குலூத்து மெட்டுக்கோ மக்கள் நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறினர்.

ஒற்றையடிப் பாதையில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கியே ஆகவேண்டும். ஒதுங்கவேண்டியவர் யார்? செல்வர், வறியர் என்பதைக் கொண்டு மலை இதற்கு விடை கூறுவதில்லை. அரிசி மூட்டையைச் சுமந்து ஏறுகிறவர் ஒருமுறை நின்றுவிட்டால், மூச்சையும் கால்வலியையும் வென்று மீண்டும் தொடங்கவேண்டும். வெறுங்கையுடன் இறங்குகிறவருக்கு நிற்பதால் வரும் இழப்பு சிறிது. ஆதலின் நிற்பதற்கு எளியவரே நிற்கவேண்டும் என்பது தானே விளங்கும். பொதி சுமந்த கழுதையோ குதிரையோ எதிரே வருமாயின், ஒதுங்குகிறவர் பள்ளத்தின் பக்கம் ஒதுங்கலாகாது. மலைச்சுவரை ஒட்டியே நிற்கவேண்டும். விலங்கின் இருபுறமும் புடைத்து நிற்கும் பொதி ஆளை இடித்துத் தள்ளிவிடும் என்பது மலையடிவாரத்துச் சிறுவனும் அறிந்த செய்தி.

இம்முறைமை பின்னாளில் சட்டத்திலும் இடம் பெற்றது. மலைச்சாலையில் இரு மோட்டார் வண்டிகள் செல்ல அகலம் போதாத இடத்தில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிடவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் இந்தியச் சாலை விதிகள் கூறின. சட்டத்திற்கு மிக முன்னரே தமிழர் தம் வழிகளில் சுமைதாங்கிக் கற்களை நாட்டியிருந்தனர். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, ஆளின் தோளுயரத்தில் அமைத்த திண்டு அது. தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் துணையின்றியே அதன்மேல் சுமையை இறக்கலாம். இளைப்பாறிய பின் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம். வயிற்றில் சுமையோடு மாய்ந்தவளின் பெயரால் வழிப்போக்கரின் சுமையை இறக்கிவைக்க இடமளித்த அவ்வன்பு எண்ணி எண்ணி வியத்தற்குரியது. இன்று சாலைகளை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்த்தெறியப்படுபவற்றுள் இக்கல்லும் ஒன்றாகிவிடுகிறது.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கினால் பாதை அகலமாகிறது. ஆனால் அதில் செல்வோரின் வேகம் வேறுபடுகிறது. நடப்பவர் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் செல்வார். மிதிவண்டியில் செல்பவர் அயர்வின்றி 15 கிலோமீட்டர் செல்வார். அஃதாவது ஒரு நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மிகுதி. மலையடிவாரத்துத் தெருக்களோ மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிந்தவை. மிதிக்காமலே வண்டி ஓடும் சரிவில் அவ்வேகம் இருமடங்காவது எளிது. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்மடங்காகும் என்பதை மாணவர் இயற்பியல் பாடத்தில் கற்கின்றனர். அக்கணக்கைத் தெருவில் நினைவிற் கொள்வோர் சிலரே. சாரல் பெய்து சக்கர விளிம்பு நனைந்திருந்தால் பிரேக்குக் கட்டை உடனே பற்றாது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

மிதிவண்டிக்காரர் பெரிதும் நம்புவது மணியை. இங்கிலாந்தில் 1888-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மிதிவண்டியையும் வண்டியினத்துள் சேர்த்து, நடப்பவரைக் கடக்குமுன் மணியாலோ சீழ்க்கையாலோ அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. அச்சட்டம் வேண்டியது அறிவிப்பு, ஆணையன்று. இந்த வேறுபாடு நம் தெருக்களில் மறைந்துவிட்டது. மணி அடித்தாயிற்று, இனி ஒதுங்குவது அவர் கடமை என்று எண்ணி வேகத்தைக் குறைக்காமலே வருகிறவர் பலர்.

விறகுக்கட்டோ புல்லுக்கட்டோ தலையில் வைத்து வரும் பெண் ஒருத்தியை நினைத்துப் பார்க்க. சும்மாட்டின்மேல் அமர்ந்த சுமை கழுத்தை அசைய விடாது. பின்னால் மணி ஒலித்தால் மற்றவர்போல் அவள் திரும்பிப் பார்க்க இயலாது. திரும்பவேண்டுமாயின் உடல் முழுவதையும் திருப்பவேண்டும். அவ்வாறு திரும்பும்போது நீண்ட விறகுக்கட்டும் உடன் சுழன்று பாதையின் பாதியை அடைத்துவிடும். மணியோசை எப்புறமிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியாது. இடப்புறம் ஒதுங்குவதா, வலப்புறம் ஒதுங்குவதா என்று அவள் தடுமாறும் அந்த ஒரு நொடியில் வண்டி 4 மீட்டர் நெருங்கிவிடும். செவி மங்கிய முதியவருக்கோ மணி அடித்ததும் அடிக்காததும் ஒன்றே.

மணியே வேண்டா, ஓசையின்றி நழுவிச் செல்வதே நாகரிகம் என்பாரும் உளர். அஃது ஏற்கத்தக்கதன்று. காதருகே காற்றெனக் கடக்கும் வண்டி, முதியவரை மணியோசையினும் மிகுதியாகத் திடுக்கிடச் செய்யும். 10 மீட்டர் தொலைவில் மணியை ஒருமுறை மெல்ல ஒலித்தால் முன்னே நடப்பவருக்கு 3 நொடிக்குமேல் கிடைக்கிறது. 3 மீட்டரில் ஒலித்தால் ஏறத்தாழ ஒரு நொடியே. மணியினும் சிறந்தது வாய்ச்சொல். "ஆத்தா, வலப்பக்கம் வாரேன்" என்று ஒரு சிறுவன் குரல் கொடுத்தால், வருகிறவன் யார், எப்புறம் வருகிறான் என்னும் இரண்டையும் அவள் அறிந்துகொள்கிறாள். அவள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, நடந்தபடியே நடக்கலாம். வழி குறுகியதாயின் அவன் இறங்கி உருட்டிச் செல்லலாம். அதற்கும் மணி தேவையில்லை.

நடப்பவர்மேல் குற்றமே இல்லை என்பதும் உண்மைக்கு மாறாகும். நால்வர் கைகோத்துச் சாலை முழுவதையும் அடைத்துச் செல்வதும், நடுவழியில் நின்று ஊர்க்கதை பேசுவதும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையைக் களமாக்கித் தானியத்தை உலர்த்துவதும் எங்கும் காணும் காட்சிகள். உருண்டோடும் தானியத்தின்மேல் ஏறும் இரண்டு சக்கரம் சறுக்காமல் என்ன செய்யும்? நடைமேடை இல்லாத சாலையில் வலப்புறமாக நடப்பது நன்று. எதிரே வரும் வண்டியை நடப்பவர் கண்ணாற் காணலாம். பின்னாலிருந்து மணி வேண்டுவதில்லை. இரவில் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரின் பைகளில் ஒளிர்பட்டை ஒட்டும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. மற்ற நாள்களிலும் அதனைக் கொள்வதற்குத் தடையில்லை. விளக்கின்றி வரும் மிதிவண்டியைக் காவலர் நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. டைனமோவும் அதனோடே மறைந்துவிட்டது என்பது இரங்கத்தக்கது.

இருவருக்கும் தனித்தனி வழி அமைத்துவிட்டால் இச்சிக்கலே எழாதன்றோ என்று சிலர் வினவலாம். நெதர்லாந்து போன்ற நாடுகள் பெரும்பொருள் செலவிட்டு அவ்வாறே செய்துள்ளன. போடி மலையிலும் அதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து மலைமுகட்டிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைந்தது. பாரம் தாங்கும் சக்கரங்கள் தண்டவாளத்தின்மேலும், வண்டி சாயாமல் தாங்கும் சக்கரம் சாலையின்மேலும் உருள, மாடுகள் அதனை இழுத்தன. ஒரே பாதையைத் தண்டவாளமும் தெருவும் பங்கிட்டுக்கொண்ட விந்தை அது. 1908-இல் அதனை மாற்றி இருதண்டவாளச் சிறு இரயில் அமைத்தனர். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிப் பக்கம் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு இறங்கின. கீழே பாதையில் நடப்பவர் யாருக்கும் வழிவிட வேண்டியிருந்ததில்லை. சுமை அவர்தம் தலைக்குமேல் வானில் சென்றது. தேயிலைக்கு அவ்வாறு தனி வழி அமைக்கக் கம்பெனியின் பணம் இருந்தது. தேவாரத்துத் தெருவில் வீடுகளின் திண்ணைகளுக்கு இடையே அத்தகைய வழிக்கு இடமும் இல்லை, பொருளும் இல்லை.

தமிழ்நாட்டில் 2001-02-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. பின்னர் அது மேனிலை வகுப்பு மாணவ மாணவியர் பிறர்க்கும் விரிந்தது. அதனால் மாலையில் பள்ளி விடும் வேளையில் ஒரே நிறத்து மிதிவண்டிகள் கூட்டமாக வெளிப்படுகின்றன. ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்புகளில் மலையிறங்கும் பெண்கள் சாலையோரத்தில் இறங்கி வீடு நோக்கி நடப்பதும் மாலையிலேதான். விடியற்காலையில் புறப்பட்டு, நாள் முழுதும் குனிந்து காய் பறித்து, வளைவுகளில் குலுங்கி வந்த கால்கள் அவை. அவர்களுட் பலர் அம்மாணவரின் தாய்மார். எதிரே சரிவில் வரும் மிதிவண்டி சற்றே வேகம் குறைந்தால், அவர்கள் பேச்சை நிறுத்தாமலே வீடுவரை நடந்துவிடுகின்றனர்.