வேனில் படுக்கப் போறியா?

வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரில் வேலை முடிந்து ஜொகூருக்குத் திரும்புகிறவர்களுக்குப் பாலத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் நீளம். அதைத் தாண்ட எனக்குச் சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும். இப்படி வாரத்தில் 5 நாள் வண்டிப் புகைக்குள் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிய கையோடு இன்னொரு வண்டியில் ஏறிப் படுக்கப் போகிறேன் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அலுவலகத்தில் சிரித்தார்கள். மைத்துனர் வீட்டில் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“மாசம் ஆயிரத்து ஐநூறு வெள்ளி வீட்டுக்குக் கட்டுறே. மூணு அறை இருக்கு. அதை விட்டுட்டு வேனில் படுக்கப் போறியா?”

அது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அன்றுதான் அந்தப் பழைய ஜன்னல் வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் துணி வியாபாரி. எந்த மூலையைக் கழுவினாலும் ஜிகினாத் துகள் வந்தது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அப்பா வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து, நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். 22 வருடம் ஸ்கூடாயில் பள்ளி வேன் ஓட்டியவர். அவர் டயரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாததையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பின்னிருக்கைகளை எல்லாம் கழற்றிப் போட்டு, கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் நாட்டில் அப்படி இஷ்டத்துக்குச் செய்துவிட முடியாது. இருக்கைகளைக் கழற்றுவதும் வண்டியின் அமைப்பை மாற்றுவதும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வாங்கி, வண்டியைச் சோதனைக்குக் காட்டிச் செய்ய வேண்டிய காரியம். அதற்கு நேரமும் பணமும் இல்லாதவர்கள் செய்வதையே நானும் செய்தேன். இருக்கைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் சாய்த்து, மேலே மூன்று துண்டு பிளைவுட் பலகையைப் போட்டு, அதற்குமேல் மெத்தை. எதையும் ஆணி அடிக்கவில்லை, கீழே இறங்கினால் எல்லாம் மடங்கி மூலைக்குப் போய்விடும். ஒரே ஒரு குறை. கட்டில் உயரமாகிவிட்டதால் படுத்தால் சொர்க்கம், எழுந்தால் கூரை. முதல் மாதம் எங்கள் மூன்று பேர் நெற்றியிலும் வீக்கம் இருந்தது. மகளின் பள்ளியில் ஆசிரியை அழைத்து விசாரித்தார்.

முதல் பயணம் மெர்சிங்கைத் தாண்டி ஆயர் பாப்பான் கடற்கரைக்கு. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் யானைகள் கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகைகள் வரும். மகள் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தாள். யானையை இதுவரை பார்க்கவில்லை. ஒருமுறை சாலையில் சாணம் கிடந்தது. அதைப் படம் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

கடற்கரையில் சவுக்கு மரத்தடியில் வேனை நிறுத்தி, குட்டிக் குளிர்பெட்டியை இயக்கி, இரண்டு விசிறிகளைச் சுழலவிட்டு, மன்னர்போல் படுத்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு விசிறி நின்றது. ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் இஞ்சின் பேட்டரியிலேயே இணைத்திருந்தேன், அதை ராத்திரி முழுக்க உறிஞ்சித் தீர்த்துவிட்டோம். பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு மலாய்க்கார அண்ணன் வயர் கொண்டுவந்து தம் காரிலிருந்து உயிர் கொடுத்தார். அவர் மனைவி நாசி லெமாக் பொட்டலம் மூன்றைக் கொடுத்தார். அவமானமும் பசியாறலும் ஒரே நேரத்தில்.

வீட்டுக்கு வந்ததும் தனியாக 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்று வாங்கினேன். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,200 வாட் மணி. அந்தக் குளிர்பெட்டி ஓடும்போது 45 வாட் இழுக்கும். அதுவும் விட்டுவிட்டுத்தான் ஓடும். இரண்டு விசிறி, ஒரு விளக்கு, கைப்பேசி எல்லாம் சேர்த்தாலும் ஓர் இரவு கவலையில்லாமல் போகும். மறுநாள் அதை நிரப்ப, தரையில் விரித்துவைக்கும் சோலார் தகடு. இங்கேதான் ஒரு வேடிக்கை. மனிதருக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும். வேனை மரத்தடியில் விட்டுவிட்டுத் தகட்டைப் பத்து மீட்டர் வயரில் வெயிலுக்கு அனுப்பினால், வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும், நாமும் மேய்ச்சல்காரனைப்போல அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். நான் தகட்டைத் திருப்பி வைக்கப் போன ஒரு நாளில் குரங்கு வந்து ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. ரொட்டியை விடுங்கள், அதோடு வேன் சாவியும் போயிருக்க வேண்டியது. நல்ல வேளை, சாவியைக் கீழே போட்டுவிட்டது.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஜொகூர் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. இரவிலும் வெப்பம் பெரிதாகத் தணியாது. ஜன்னலை மூடினால் வெந்துபோவோம், திறந்தால் கொசு. இஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் தூங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிற்கும் வண்டியில் இஞ்சின் ஓடும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலேயே போன செய்திகளை நாமே எத்தனை முறை நாளிதழில் படித்திருக்கிறோம். என் மனைவி கொசுவலைத் துணியை ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் காந்தத் துண்டுகள் வைத்துத் தைத்தார். கதவின் இரும்பில் தானாக ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்று வருடத்தில் வேனுக்காகச் செய்த செலவிலேயே மிகக் குறைந்ததும் மிகப் பயன்பட்டதும் அதுதான்.

கழிப்பறை விஷயம்? பெட்ரோல் நிலையங்கள், நெடுஞ்சாலை ஓய்விடங்கள், கோயில்கள். இதற்குமேல் கேட்காதீர்கள்.

எங்களுக்கு இருந்த பெரிய தடை நாட்காட்டிதான். மனைவி ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. எனக்கோ சிங்கப்பூர்க் கணக்கில் சனியும் ஞாயிறும். இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். நான் வெள்ளி ராத்திரி பாலத்தைத் தாண்டி வந்து சேரும்போது அவர் பலகை, மெத்தை எல்லாம் ஏற்றித் தயாராக இருப்பார். ஞாயிறு காலை அவர் பள்ளிக்குப் போக வேண்டுமே என்று சனி மாலைக்குள் திரும்பியாக வேண்டும். 2025 ஜனவரி 1இல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது. பலர் பலவிதமாகப் பேசினார்கள். எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம்.

இந்தப் பைத்தியம் எங்கே ஆரம்பித்தது என்று ஒருநாள் தேடிப் படித்தேன். 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்து, குதிரைகள் இழுக்கும் வண்டி வீடு ஒன்றைச் செய்யச்சொல்லி, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துவரை போயிருக்கிறார். ஏறக்குறைய இரண்டு டன் எடை. வழியைப் பார்த்துச் சொல்ல, முன்னால் மூன்று சக்கர மிதிவண்டியில் ஒரு வேலையாள் போவாராம். ஆர்வமாக மனைவியிடம் சொன்னேன். “அவருக்கு வேலையாள் இருந்திருக்காரு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரங்களை என் பக்கம் தள்ளினார்.

அப்பா இதற்கெல்லாம் தூரமாகவே இருந்தார். ஒவ்வொரு முறையும் கூப்பிடுவேன். “நீங்க போய்ட்டு வாங்க” என்பார். ஆனால் வண்டி ஓட்டியவர் அல்லவா, முழுசாக ஒதுங்கி இருக்கவும் அவரால் முடியவில்லை. ஒருமுறை திரும்பி வந்து, வேன் சரிவில் நின்றதால் ராத்திரி முழுக்கத் தலைப்பக்கமாக வழுக்கிக்கொண்டே இருந்தோம் என்று சொன்னேன். அவர் நாளிதழை இறக்காமலேயே, “முன்னாடி ஒரு கிளாஸ் தண்ணி வை. தண்ணி எந்தப் பக்கம் ஏறுதோ அந்தப் பக்கம் டயருக்குப் பலகை போடு. இதைக்கூடவா கைப்பேசியில் பார்க்கணும்?” என்றார். மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது, ஓரம் சீவிய மூன்று பலகைத் துண்டுகள் வாசலில் இருந்தன. ஒன்று, ஒன்றரை, இரண்டு அங்குலம். யார் செய்தது என்று நானும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது மகள்தான் கேட்டாள், “தாத்தா பிறந்த தோட்டத்துக்குப் போய்த் தூங்கலாமா?”

ரெங்கம் பக்கத்துத் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டிய இடம். நான் பிறந்ததும் அங்கேதான், ஆனால் நினைவில்லை. 1991இல் தோட்டம் கைமாறியது, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு அப்பா போவார். கூழ் குடித்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுவார். அங்கே தங்க யாருக்கு வீடு இருக்கிறது?

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, “கோயில் தலைவர்கிட்ட நான் பேசுறேன்” என்றார்.

கூலாய், லாயாங் லாயாங் வழியாகப் போனோம். முன்னிருக்கையில் அப்பா. நான் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் கால் தானாகக் கிளட்சைத் தேடியது. தோட்டத்து நுழைவாயிலில் ஜாகா வண்டி எண்ணை எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செம்பனை வரிசை. எனக்கு எல்லாத் திருப்பமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அப்பா மட்டும், “இங்க கடை. இங்க பந்துத் திடல். இங்கதான் ஆயாக் கொட்டகை” என்று மரங்களைக் காட்டிக்கொண்டு வந்தார்.

கோயில் வளாகத்தில் ஒரு பலா மரம். அதனடியில் வேனை நிறுத்தினேன். அப்பா கிளாஸில் தண்ணீர் வைத்து, குனிந்து பார்த்து, பின்பக்க இடது டயருக்கு ஒன்றரை அங்குலம் என்றார். போட்டேன். மழை வந்தது. உள்ளே நான்கு பேரும் நெருங்கி உட்கார்ந்து, மனைவி கேஸ் அடுப்பைக் கோயில் தாழ்வாரத்தில் வைத்து ஆக்கிய கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டோம். கோயிலுக்குள் கருவாடு ஆக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாவும் கேட்டார். தாழ்வாரத்துக்கு வெளிப்பக்கத் திண்ணை, வளாகத்தில் சேராது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அவருக்கும் ஒரு கிண்ணம் போனது.

மகளும் மனைவியும் தூங்கியபிறகு, கதவோரம் மடக்கு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலேயே பேசினார்.

“இங்கேருந்து சாமான் ஏத்திக்கிட்டுப் போன அன்னிக்கு, ஸ்கூடாயில வாடகை வீட்டுக்காரன் சாவி தரல. ஆள் ஊர்ல இல்லன்னுட்டாங்க. ராத்திரி லாரியிலதான் படுத்தோம், ரோட்டோரமா. உனக்கு நாலு வயசு. வண்டி போய்க்கிட்டே இருந்துச்சு. உங்கம்மா தூங்கவே இல்ல, உன்னைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருந்தா.”

அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. அவரும் இதைச் சொன்னதில்லை. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கொசுவத்தியைக் கொளுத்தி அப்பாவின் காலடியில் வைத்தேன்.

அன்று அப்பா வேனுக்குள் படுத்தார். சன்னலோரம். எங்கள் நெற்றி வாங்கிய அடியில் பாதிகூட அவருக்குப் படவில்லை, எழும்போது ஒருக்களித்து எழுந்தார். குறட்டை கேட்டு மகள் எழுந்து சிரித்தாள்.

விடியற்காலை நாலரைக்கு அவர் இறங்கும் சத்தம் கேட்டது. பெரட்டுக்குப் போகிற நேரம், உடம்பு மறக்கவில்லை. டார்ச் விளக்கோடு செம்பனை வரிசைக்குள் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். ஓர் இடத்தில் நின்றார். கீழே சிமெண்டுத் துண்டு ஒன்று மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது. அந்தக் காலத்து வாசற்படியாக இருக்கலாம். காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“யாரு? எந்த வீடு நீங்க?”

“மூணாவது லயம். கடைசி வீடு” என்றார் அப்பா.

பெரியவர் விளக்கை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு வண்டியை ஸ்டாண்டு போட்டார். இருவரும் அங்கேயே நின்று அரைமணி நேரம் பேசினார்கள். நான் திரும்பி வந்து கோப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அப்பா பெரியவருக்கு வேனைத் திறந்து காட்டினார்: மெத்தை, பலகை, பேட்டரி, காந்தம் வைத்த கொசுவலை. ஒவ்வொன்றையும் தானே செய்ததுபோல விளக்கினார். கடைசியில் குனிந்து இடது பின் டயரைப் பார்த்து, என் பக்கம் திரும்பினார்.

“ராத்திரி மழையில மண்ணு இறங்கிருச்சு பாரு. அடுத்த தடவை ரெண்டு அங்குலமா போடணும்.”