தீப்பெட்டி வேண்டாம்

போன மாசி மாசம், காலேஜ் கூட்டாளிங்க மூணு பேர் சென்னையிலிருந்து ஜவ்வாது மலைக்கு வந்தாங்க. ஜமுனாமரத்தூர் பக்கம் நம்ம கொல்லை. சாமை அறுத்து வெறுமனே கிடந்தது. பகல்ல பீமன் அருவி, தண்ணி கம்மிதான். ராத்திரி டென்ட் இல்லாம வெட்டவெளியிலேயே படுக்கணும்னாங்க.

ஒருத்தன் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டப் போனான்.

"வேண்டாம் மாப்ள. சருகு காஞ்சு கிடக்கு. ஒரு பொறி பறந்தா மேல காடே போயிடும்."

"இதுக்காடா இவ்ளோ தூரம் வந்தோம்?"னு கோவிச்சுக்கிட்டு, கம்பளியைப் போர்த்திப் படுத்துட்டான். எனக்கும் சங்கடமாப் போச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவனே, "டேய், இவ்ளோ நட்சத்திரமா!"ன்னான்.

இதே மலையில காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கு. அதுக்கும் இந்த இருட்டுதான் வேணும்னேன். அப்புறம் யாரும் நெருப்பு கேக்கலை.

நீங்க வந்தாலும் கம்பளி கொண்டாங்க. தீப்பெட்டி வேண்டாம்.