பாட்டிக்கு வந்த தலைவலி

லே நகரத்துக்கு முதன்முறையாக வருபவருக்குத் தலைவலி வந்தால் அங்கே யாரும் வியப்பதில்லை. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு நாள் படுத்திருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், படியேறாதீர்கள் என்பார்கள். நகருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டின் மாடியில், ஒரு ஜனவரி மாதத்தில், களப்பணிக்காக வந்து தங்கியிருந்த மாணவன் காலையில் தலை கனக்கிறது என்றபோதும் அதையேதான் சொன்னார்கள். நான்காம் நாள் அதே தலைவலி அந்த வீட்டுப் பாட்டிக்கும் வந்தது. பாட்டி பிறந்ததும், மணமாகி வந்ததும், எண்பது ஆண்டுகள் வாழ்ந்ததும் அதே பள்ளத்தாக்கில்.

வீட்டின் மகள் தில்லியில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதுவதற்காகக் குளிர்கால விடுமுறையில் ஊர் வந்திருந்தார். தலைவலி கண்ட மாணவன் அவருடைய துறையில் இளையவன். ஒரே நோய்க்குறி இருவருக்கு வருகிறது. அவர்களில் ஒருவருக்கு, நாம் கருதும் காரணம் பொருந்தவே பொருந்தாது. அப்படியானால் அந்தக் காரணம் இருவருக்குமே பொருந்தாமல் இருக்கலாம். இந்த எளிய தருக்கம் அவருக்குத் தோன்ற அரை மணி நேரம் ஆயிற்று. தோன்றிய கணத்தில் அவர் மாடிக்கு ஓடி எல்லா ஜன்னல்களையும் திறந்தார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை.

அந்த ஜன்னல்களை அவ்வளவு இறுக்கமாக அடைக்கச் சொன்னவரும் அவர்தான்.

அந்த வீட்டின் கீழ்த்தளம் பழையது. தாத்தா கட்டிய மண்கல் சுவர்கள், பாப்ளார் உத்தரங்கள், அவற்றின்மேல் வில்லோக் குச்சிகளைப் பரப்பி, புல்லும் மண்ணும் இட்டு இறுக்கிய தட்டைக் கூரை. பழைய லடாக் வீடுகள் குளிரை எதிர்கொண்ட முறை ஒன்றல்ல, பல. அடித்தளத்தில் ஆடுமாடுகள் நிற்கும். அவற்றின் உடற்சூடு மேலே ஏறும். கூரையின் ஓரங்களில் தீவனமும் விறகும் அடுக்கப்படும். எரிக்கும்வரை அவை கூரைக்குப் போர்வை. குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அடுப்பறையைச் சுற்றியே வாழும். அந்த அடுப்புக்கு நேர் மேலே, கூரையில் ஒரு புகைத்துளை இருக்கும்.

2010 ஆகஸ்ட் 5ஆம் நாள் இரவில் லேயைத் தாக்கிய பெருமழையும் வெள்ளமும் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. ஆண்டு முழுவதும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுக்கு மழை காணும் நிலத்துக்காகக் கட்டப்பட்ட மண்சுவர்கள் கரைந்து விழுந்தன. அதற்குப் பிறகு மண்ணின்மேல் நம்பிக்கை இழந்தவர்களில் இந்த வீட்டின் தந்தையும் ஒருவர். மேல்தளத்தைச் சிமெண்டில் கட்டினார். இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. மழைக்கு அது அசையவில்லை. ஆனால் முதல் குளிர்காலத்திலேயே, இரவில் தலைமாட்டில் வைத்த குவளைத் தண்ணீர் விடியும்போது உறைந்திருந்தது.

கான்கிரீட் வெப்பத்தைத் தங்கவைப்பதில்லை, வழியனுப்பி வைக்கிறது. ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையிலான பிளவுகள் எஞ்சியதையும் கொண்டு போகும். சூடான காற்று மேலே எழுந்து உச்சியிலுள்ள இடுக்குகள் வழியே வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். வீடு முழுவதுமே ஒரு புகைபோக்கியாக மாறிவிடும். அறையைச் சூடாக்கச் சூடாக்க இந்த இழுப்பும் வலுக்கும்.

மகள் அதைப் பற்றி நிறையப் படித்தார். படித்தவை அனைத்தும் ஸ்ப்ரே ஃபோமில் வந்து நின்றன. இரண்டு டிரம்கள். ஒன்றில் ஐசோசயனேட், மற்றொன்றில் பாலியோல், அதனுடன் நுரைக்கச் செய்யும் பொருளும் வினையூக்கியும் தீத்தடுப்பானும். சூடேற்றிய குழாய்கள் வழியே இரண்டும் தெளிப்பானின் முனையில் சந்திக்கின்றன. சுவரில் படும்போது மென்படலம். சில நொடிகளில் அதுவே முப்பது மடங்குக்கு மேல் பருத்து, பிளவுகளுக்குள் புகுந்து இறுகிவிடுகிறது. இந்தப் பாலியூரித்தேன் வேதியியலை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் தொடங்கி வைத்தவர் ஓட்டோ பேயர்.

ஐசோசயனேட் என்ற சொல் தந்தைக்கு அச்சமூட்டியது. 1984ஐ நினைவு வைத்திருக்கும் எந்த இந்தியருக்கும் அது வெறும் வேதிப்பெயர் அன்று. போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட் என்றும், நுரையில் பயன்படுவது எளிதில் ஆவியாகாத வேறொரு சேர்மம் என்றும் மகள் விளக்கினார். தெளிக்கும்போது அதுவும் நுரையீரலைத் தாக்கும்; தீராத ஆஸ்துமாவைத் தரவல்லது. அதனால்தான் தெளிப்பவர் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி அணிகிறார், வீட்டார் ஒரு நாளாவது விலகி இருக்கிறார்கள். முறையான விகிதத்தில் கலந்து இறுகிய பிறகு அஞ்ச வேண்டியதில்லை. நுரை தீப்பற்றக்கூடியது என்பதால் அதன்மேல் ஜிப்சம் பலகை அடிக்க வேண்டும். இவை அனைத்தையும் மகள் அறிந்திருந்தார், அனைத்தையும் செய்வித்தார்.

கணக்கும் அவர் பக்கமே இருந்தது. ஐந்து சென்டிமீட்டர் மூடுகண் நுரை தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க, வைக்கோல் என்றால் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். மண்கல் என்றால் ஒரு மீட்டருக்கும் மிகுந்த தடிமன் வேண்டும். கோடையில் ஒரு கிடங்கு வேலைக்காக ஊருக்கு வந்திருந்த நுரைக்காரர்கள், ஆகஸ்டில் இரண்டு நாள் ஒதுக்கி இந்த மேல்தளத்தையும் முடித்துக் கொடுத்தார்கள். கூரையின் அடிப்பக்கம், மூன்று சுவர்கள், ஜன்னல் நிலைகளின் ஓரங்கள் எல்லாம் வெளிர்மஞ்சள் நிறத்தில் பொங்கி நின்றன.

வேலை முடிந்ததும் பாட்டியை மாடிக்கு அழைத்து வந்து காட்டினார்கள். வீட்டார் அவரை 'அபி-லே' என்று அழைப்பார்கள். லடாக்கியில் 'லே' என்பது மரியாதை ஒட்டு; நெல்லைச் சீமையின் 'லே'க்கு நேர் எதிரானது. அபி-லே நாற்புறமும் பார்த்துவிட்டு, "புகைத்துளை எங்கே?" என்று கேட்டார். "இங்கே புகையே வராதே அபி-லே, கேஸ் ஹீட்டர்தானே" என்றார் மகள். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார்.

குளிர்காலம் வந்தது. நுரை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஹீட்டரை ஏற்றிய அரை மணி நேரத்தில் மேலங்கியைக் கழற்ற முடிந்தது. முன்பு பத்து நாளில் தீர்ந்த சிலிண்டர் மூன்று வாரம் வந்தது. மண் வீட்டின் குளிரிலிருந்து பாட்டியை மாடிக்குக் குடிமாற்றினார்கள். ஹீட்டர் பெரிய அறையில் பாட்டியின் கட்டிலருகே இருந்தது. அடுத்த அறையில் மாணவன். சூடு செல்வதற்காக நடுக்கதவு திறந்தே கிடந்தது.

இரண்டு அறிகுறிகள் முன்பே தெரிந்திருந்தன. ஜன்னல் கண்ணாடிகளின் உட்புறம் நீர் வழிந்து, விடியற்காலையில் பனிப்பூக்களாக உறைந்தது. உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்ட லடாக் குளிர்காலத்தில் ஓர் அறைக்குள் அவ்வளவு ஈரம் எங்கிருந்து வரும்? எரிவாயுவிலிருந்துதான். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அறைக்குள் விட்டுச் செல்கிறது. அந்த ஈரம் வெளியேறவில்லை என்றால் அதனுடன் பிறந்த மற்றவையும் வெளியேறவில்லை என்று பொருள். இரண்டாவது அறிகுறி மாணவனிடம் இருந்தது. காலையில் வெளியே நடந்துவிட்டு வந்தால் அவன் தலைவலி குறைந்தது. உயரத்தால் வரும் தலைவலி நடந்தால் கூடுமே தவிர, வாசலைத் தாண்டியதும் குறையாது.

புகைபோக்கி இல்லாத ஹீட்டர் அறையின் ஆக்சிஜனையே உண்டு, கழிவையும் அதே அறையில் கொட்டுகிறது. ஆக்சிஜன் குறையும்போது எரிதல் முழுமை பெறாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம், பிறகு விழிக்காத உறக்கம். காஷ்மீரில் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும், பூட்டிய அறையில் ஹீட்டரை ஏற்றி உறங்கிய குடும்பம் எழவில்லை என்ற செய்தி வருகிறது. முந்தைய ஆண்டுகளிலும் இந்த வீட்டில் அதே ஹீட்டர்தான் எரிந்தது. அப்போது ஜன்னல் இடுக்குகள் திருடிச் சென்ற வெப்பத்தோடு நஞ்சும் வெளியேறிக்கொண்டிருந்தது. எவரும் திட்டமிடாத அந்தக் காற்றோட்டம்தான் அவர்களைக் காத்து வந்தது.

மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் முதலில் கேட்டது, "ஹீட்டருக்குப் புகைபோக்கி உண்டா?" என்பதைத்தான். பாட்டிக்குச் சில மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்தார்கள். மாலையில் தெளிந்தார். மாணவனும் தேறினான். மகள் அன்றிரவு பாட்டியின் கட்டிலருகே தரையில் அமர்ந்து விடியும்வரை அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நவீனத்தின் தீமை என்றும் பழமையின் ஞானம் என்றும் பிரித்துப் பேசுவது எளிது, அது உண்மையன்று. பாட்டிக்கு நாற்பது ஆண்டுகளாக இருமல் உண்டு. புகைத்துளை இருந்தும் நிறைந்து நின்ற சாணப்புகையில் சமைத்துப் பெற்ற இருமல் அது. மண்கூரை வெள்ளத்தில் என்ன ஆயிற்று என்பதையும் அவர் பார்த்தவர். நுரையின்மேலும் பிழையில்லை. 1977இல் கனடாவின் ரெஜைனாவில், காற்றுப் புகாதபடி கட்டப்பட்ட சஸ்காட்சுவன் சேமிப்பு இல்லம், வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித்தரும் கருவியோடுதான் பிறந்தது. 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் எழுந்த முதல் பாசிவ்ஹவுஸும் அப்படியே. அங்கே அடைப்பதும் மூச்சுவிடுவதும் ஒரே திட்டத்தின் இரு பாதிகள். மலைப்பாதையில் லாரி ஏறி லேவுக்கு வந்தது ஒரு பாதி மட்டும். அது சதுர அடிக் கணக்கில் விற்கக் கூடியது. மற்ற பாதியைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. கடன்சொல் ஒன்று மொழிக்குள் வரும்போது அதன் இலக்கணம் எல்லையிலேயே நின்றுவிடுவதைப் போன்றது இது. சொல் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் அந்த விடுபடல் உயிரைக் கேட்கும்.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்தியாவின் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பான 2018ஆம் ஆண்டின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா, சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பம் கடத்தலாம் என்பதோடு, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்புக்கும் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. ஆனால் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகையில், உறங்கப் போகும் முன் ஜன்னலைத் திறந்து வைப்பவர் யார்? காற்றுக்கு வழி, மனிதரின் மனவுறுதியை நம்பி இருக்கக் கூடாது. அது சுவரிலேயே இருக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு தந்தை கொத்தனாரை அழைத்து வந்தார். தரையையொட்டி ஒரு துளை, கூரையையொட்டி ஒன்று. கேஸ் ஹீட்டர் போயிற்று. அதன் இடத்தில் புகாரி எனும் தகர அடுப்பு வந்தது. அதன் புகைக்குழாய் சுவரைக் கடந்து வெளியே போயிற்று. துளையிட்டபோது மஞ்சள் நுரைத்தூள் பறந்து கொத்தனாரின் புருவத்தில் படிந்தது. அடைப்பதற்குக் கூலி கொடுத்த அதே சுவரைத் திறப்பதற்கும் கூலி கொடுத்ததைப் பற்றித் தந்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகள்தான், "அபா-லே, நான் இன்னும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்" என்றார். "படித்தாய். அபி-லே கேட்டதை நாங்களும்தான் கேட்கவில்லை" என்றார் தந்தை.

இப்போது மாலைதோறும் அடுப்பை மூட்டிய பிறகு, தந்தை ஒரு ஜூனிப்பர்க் கிளையைக் கொளுத்திக் கீழ்த்துளையின் அருகே பிடிக்கிறார். புகை உள்நோக்கி வளைந்தால் காற்று வருகிறது என்று பொருள். வழிபாட்டுக்குரிய கிளை இதற்குமா என்று முதல் நாள் முணுமுணுத்த பாட்டி, இப்போது அவர் மறந்தால் நினைவூட்டுகிறார். மகளின் எழுதுமேசை அந்தத் துளைக்கு எதிரே இருக்கிறது. இரவில் எழுதும்போது குளிர்காற்று ஒரு கயிறுபோல் வந்து கணுக்காலைச் சுற்றும். அவர் இன்னொரு கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு எழுத்தைத் தொடர்கிறார். மேசையை நகர்த்தலாம் என்று தாய் சொல்லிப் பார்த்தார். காற்று வருவது காலில் தெரியட்டும் என்று சொல்லிவிட்டார் மகள்.