பம்பும் கீசரும்

மராத்தியர் ‘பம்பு’ என்றால், புனேக்குப் புதிதாக வந்த நம்மவர் நீர் இறைக்கும் பொறியையே நினைப்பர். அவர்கள் குறிப்பதோ வெந்நீர்ப் பாத்திரம். செம்பினாலான உருளை, நடுவே புகைபோக்கி போன்றதொரு குழல், அதனுள் கரியும் சுள்ளியும் கனல, சுற்றிலும் நீர் காயும். கஸ்பா பேட்டையின் தாம்பட் ஆளியில் செம்புக் கொல்லர்கள் தட்டித் தட்டி உருவாக்கிய இப்பாத்திரம், நம் ஊர் வெந்நீர்த் தவலைக்குத் தூரத்து உறவு எனலாம். நரக சதுர்த்தசி வைகறையில் எண்ணெய் தேய்த்து நீராடும் வழக்கம் இரு மக்களுக்கும் பொதுவாதலின், அதைக் கண்டபோது எங்களுக்கு அந்நியம் தோன்றவில்லை.

பம்பின் நோய்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. சாம்பல் அடைத்தால் தட்டிவிடலாம். களிம்பேறினால் புளியிட்டுத் துலக்கலாம். கீசரோ சுவரில் மௌனமாக இருந்துகொண்டே உள்ளுக்குள் நலிவுறும்.

கடக்வாஸ்லா அணைநீர் வரும் வீடுகளில் தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பும் புறநகர்க் குடியிருப்புகளில்தான் சுண்ணாம்பு தன் வினையைக் காட்டுகிறது. கடினநீர் காயுங்கால் கால்சியம் கார்பனேட் பிரிந்து, சூடேற்றும் கம்பியின்மேல் ஓடு போலப் படியும். வெப்பம் நீருக்குச் செல்ல வழியின்றிக் கம்பி தன் சூட்டிலேயே கருகிப்போகும். சோற்றுப் பானை கொதிப்பது போன்ற இரைச்சல் அதன் முன்னறிவிப்பு. தன்னைக் கரைத்துக்கொண்டு தொட்டியைத் துருவினின்று காக்கும் மெக்னீசியத் தண்டையும் பார்க்குமாறு மெக்கானிக்கிடம் சொல்லவேண்டும். தாமாக அவர்கள் பார்ப்பதில்லை.

25 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 2 கிலோவாட் கீசருக்குச் சுமார் 35 நிமிடம் வேண்டும். பத்தே நிமிடத்தில் விளக்கணைந்து நீர் வெதுவெதுப்பாக நின்றால் தெர்மோஸ்டாட்டை ஐயுறலாம். காயும்போது வால்வில் துளி சொட்டுவது நோயன்று. அவ்வளவு சூட்டில் நீர் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு விரியும். அதை அடைத்துவிடும் சமர்த்தர்களும் உளர். அழுத்தம் வெளியேற வழியற்ற தொட்டி வெடிக்கக்கூடும்.

காஸ் கீசரின் கதை வேறு. சில குளிர்காலங்களுக்கு முன், எங்கள் மாடியில் குடியிருந்த இளைஞர் கதவும் சன்னலும் இறுக மூடிக் குளிக்கச் சென்றார். நீரோசை நெடுநேரம் ஓயாமை கண்டு அவருடைய தாயார் கூவ, நாங்கள் தாழ்ப்பாளை உடைத்து அவரைத் திறந்த வெளிக்குத் தூக்கி வந்தோம். பிழைத்தார். பொறியில் பழுதே இல்லை. சிற்றறையின் பிராணவாயுவை அடுப்பு உண்டுவிட, எரிதல் குறைபட்டுக் கார்பன் மோனாக்சைடு பிறந்தது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நீலச்சுடர் மஞ்சளாவது ஓர் அடையாளம்; ஆயினும் குளிப்பவர் சுடரை எங்கே பார்க்கிறார்!

அடுத்த ஞாயிறன்று எங்கள் கட்டடத்தின் காஸ் கீசர்கள் பால்கனிக்கு இடம் மாறின. சுவரைத் துளைக்க உரிமையாளர் இசையாத வாடகைக் குடும்பத்தார், கதவைத் திறந்துவைத்தபடியே வாளிகளை நிரப்பி, காஸை அணைத்து, அறையில் காற்றோடிய பின்னரே குளிக்கச் செல்கின்றனர். மார்கழியில் ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் குளிருக்கு அஞ்சி முதலில் சன்னலைத்தான் சாத்துவர். பெட்டியை இறக்கிவைக்கும்போதே அவர்களிடம் இதைச் சொல்லிவிடுகிறோம்.