விடுபட்ட ஏழு பெயர்கள்



சப்பாத்தும் கொப்பியும் கொடுத்த அன்று ஏழு பிள்ளைகளின் பெயர் ஏன் வாசிக்கப்படவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். "சேர், எங்கட மகள்ட பேரை வாசிக்கேல்லையே" என்று ஓர் உம்மா மண்டப வாசலில் நின்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. ஆள் பார்த்துக் கொடுத்தோம் என்றும் ஒரு கதை இறங்குதுறை வரைக்கும் போயிருக்கிறது. நடந்ததை எழுதுகிறோம். பிழை எங்களுடையதுதான்.

முன்பு எல்லாமே எக்செல். ஒவ்வொருவர் பென் ட்ரைவிலும் ஒவ்வொரு பிரதி. எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்த நேரங்களில் பேசிப் பேசித்தான், எல்லாவற்றையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் போடுவோம் என்று முடிவெடுத்தோம். 2000இல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் உருவாக்கியது, இலவசம். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. தனி சேர்வர் வேண்டாம், இன்ரநெற்றும் வேண்டாம். எங்கள் தீவுகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கணக்குப் பார்க்க ஆர் மொழி. நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் தொடங்கியது. அதற்குள் டிபிஐ, ஆர்எஸ்கியூலைட் என்ற இரண்டு பொதிகளை ஒருமுறை இறக்கிவிட்டால் போதும். டிபிகனெக்ட் என்று எழுதிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கதவு திறக்கும். டிபிகெட்குவெரி என்று கேட்டால் பதில் அட்டவணையாக வரும். முடிந்ததும் டிபிடிஸ்கனெக்ட். பிரதி எடுத்து ஒட்டும் வேலை இல்லை. முதல்நாள் இது வேலை செய்தபோது எங்களுக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சந்தோசத்தில்தான் கவனம் போனது.

இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று சேர்விலக்கத்தோடு உள்ள பாடசாலைப் பதிவு. மற்றது, உதவி தேவைப்படும் பிள்ளைகள் என்று வகுப்பாசிரியர்கள் விசாரித்து எழுதியது. அதில் பெயர் மட்டும்தான். ஆகவே பெயரை வைத்தே இரண்டையும் இணைத்தோம். நாங்கள் கொடுத்த கட்டளை 'இன்னர் ஜொயின்'. அது இரண்டு வரிசைப் பிள்ளைகளைச் சோடி சேர்ப்பது போன்றது. சோடி கிடைக்காதவரைச் சத்தமில்லாமல் வெளியே விட்டுவிடும். எரர் எதுவும் காட்டாது.

ஒரு வகுப்பின் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தது. பாமினியில் தட்டிய 'அம்மா', கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் மட்டுமே. அந்த வகுப்பு முழுவதும் காணாமல் போனதால் உடனே பிடித்து யுனிகோடுக்கு மாற்றினோம். ஏழு பெயர் குறைந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

அந்த ஏழில் ஐந்து எங்கள் முஸ்லிம் பிள்ளைகள். ஓரிடத்தில் முஹம்மது, மற்ற இடத்தில் முகம்மது. ஓரிடத்தில் ஃபாத்திமா, மற்ற இடத்தில் பாத்திமா. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பதிந்து, பிறகு திரும்பி வந்து இங்கே மறுபடி பதிந்த குடும்பங்களில் வாப்பாவின் பெயரே இரண்டு விதமாக இருக்கிறது. மற்ற இருவரின் பெயரில் 'ஸ்ரீ' வருகிறது. அந்த எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கும். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. எங்கள் கண்ணாலும் பிடித்திருக்க முடியாது.

2004 சுனாமிக்குப் பிறகு லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற அமைப்பைச் செய்தார்கள். பிஎச்பி மொழியை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு இணைத்துச் செய்தது. காணாமல் போனவர்களைப் பதிவதும் அதில் ஒரு பகுதி. அங்கே ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று இப்போதுதான் யோசிக்கிறோம். எங்களிடம் விடுபட்டது சப்பாத்து.

இப்போது இரண்டு அட்டவணையிலும் சேர்விலக்கம் இருக்கிறது. அதை வைத்துத்தான் இணைக்கிறோம், அதுவும் 'லெஃப்ட் ஜொயின்'. உதவிப் பட்டியலை முதலில் வைப்பதால் அதிலுள்ள ஒருவரும் விடுபடமாட்டார். சோடி கிடைக்காதவர் பெயருக்கு நேரே வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடங்களை எண்ணிப் பார்த்த பிறகே அதிபரிடம் கையெழுத்துக்குப் போகிறது.

ஏழு பேருக்கும் கொப்பி கொடுத்தாயிற்று. ஆறு பேருக்குச் சப்பாத்தும் கொடுத்தாயிற்று. ஒரு பிள்ளையின் அளவு யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைச் செவ்வாய்க்கிழமை கொண்டுவாருங்கள். பிள்ளையின் பெயரை வீட்டில் எப்படி எழுதுவீர்கள் என்பதையும் அதன் பின்பக்கத்தில் எழுதித் தாருங்கள். காற்றுக் கடுமையாகிப் படகு ஓடாவிட்டால் புதன்கிழமையும் வாங்குவோம்.